ஆற்றுநீர் யார் கையில்? – அருவியாற்றங்கரை நானாட்டான்



சென்ற கிழமை பள்ளுப் பிரபந்தங்களில் வரும் ஆற்றுவரவைப் பற்றிப் பேசினேன். மலையில் மழை பொழிந்து, வெள்ளம் குறிஞ்சியைக் கடந்து, முல்லையைக் கடந்து, மருதநிலத்திற் புகும் அழகைப் புலவர்கள் பாடிய விதத்தை எடுத்துச் சொன்னேன். அதைக் கேட்ட நேயர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். கடிதம் என்று சொன்னேனே தவிர, அதில் இருப்பது ஒரே கேள்விதான். "ஆறு வந்து சேர்ந்தது சரி ஐயா, வந்த தண்ணியைப் பங்கு போட்டது ஆர்?"

பள்ளு இலக்கியம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. பண்ணைக்காரன் என்ற பாத்திரந்தான் அந்த விடை. அவன் நிலவுடைமையாளனின் ஆள். கணக்குக் கேட்பான், கணக்குச் சரியில்லையென்றால் பள்ளனைத் தொழுவில் மாட்டிவைப்பான். ஊராட்சி என்பதன் ஒரு முகத்தை நமது பிரபந்தங்கள் நகைச்சுவையாகவேனும் பதிவு செய்திருக்கின்றன. ஆனால் நேயர் கேட்டது பிரபந்தத்து ஆற்றைப் பற்றியல்ல என்றே நினைக்கிறேன். ஆகவே உண்மையான ஓர் ஆற்றையும், அதன் கரையிலுள்ள ஒரு சிற்றூரையும் இன்று எடுத்துக்கொள்கிறேன். ஆறு மன்னார் மாவட்டத்து அருவியாறு. ஊர் நானாட்டான். அது என் தாயாரின் பகுதி. அதனால் கொஞ்சம் பாசத்தோடு பேசினாற் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அருவியாற்றைச் சிங்கள மக்கள் மல்வத்து ஓயா என்பர். பாளி நூல்கள் கதம்ப நதி என்று கூறுவதும் இதனையே. றிட்டிகல மலைப்பகுதியில் ஊற்றெடுத்து, அநுராதபுரத்தின் ஓரமாகப் பாய்ந்து, வடமேற்கே திரும்பி, அரிப்புக்கு அருகில் மன்னார்க் கடலிற் கலக்கிறது. நீளம் 164 கிலோமீற்றர். மகாவலிக்கு அடுத்தபடியாக இலங்கையின் நீண்ட ஆறு இதுதான். ஆனால் நீளத்தைக் கண்டு மயங்கிவிடக்கூடாது. இது மாரிக்கால ஆறு. ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை கரைபுரண்டு ஓடும். ஆனி, ஆடியில் மணலைத் தோண்டினாற்றான் தண்ணீர். நான் சிறுவனாக இருந்தபோது அந்த மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்த நீரின் சுவை இன்னும் நாவில் நிற்கிறது.

ஆற்றின் வடகரை நானாட்டான் பகுதி, தென்கரை முசலிப் பகுதி. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் செல்லும் பெருந்தெருவில் முருங்கனில் இறங்கித் தெற்கே திரும்பினால் நானாட்டான் வரும். ஒரு சந்தி, சில கடைகள், பாடசாலை, கோயில்கள், சுற்றிலும் வயல். நகரம் என்று சொன்னால் ஊரவரே சிரிப்பார்கள். ஆயினும் இப்பகுதி மண் சாதாரணமானதன்று. முருங்கனைச் சூழ்ந்த நிலம் கரிசல் போன்ற கருங்களி. மாரியில் காலைப் பிடித்து இழுக்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் அதற்கு வேண்டிய களிமண் முருங்கனிலிருந்துதான் புகையிரதத்திற் சென்றது. யாழ்ப்பாணத்துக் கல்வீடுகள் பலவற்றில் மன்னார் வயல் மண்ணும் கலந்திருக்கிறது என்பதைப் பலர் அறியார்.

இனி ஊர்ப்பெயர்களைக் கவனியுங்கள். உயிலங்குளம், வஞ்சியன்குளம், அச்சங்குளம், சிறுக்கண்டல், பரிகாரிகண்டல், இசைமாலைத்தாழ்வு. சற்று வடக்கே மாந்தைப் பக்கம் சென்றால் நெடுங்கண்டல், பாப்பாமோட்டை, ஆட்காட்டிவெளி. குளம், கண்டல், தாழ்வு, மோட்டை, வெளி என்று நிலத்தின் மேடுபள்ளத்தையும் நீர் நிற்கும் இடத்தையும் பெயரிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். நில அளவைத் திணைக்களம் பிறப்பதற்கு முன்பே இந்த மக்கள் மட்டம் பிடித்து வரைந்த படம் இது. இசைமாலைத்தாழ்வு என்ற பெயரை வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்ப்பார்கள். அவ்வளவு அழகு. ஆனால் அந்த அழகின் பின்னால் உள்ள 'தாழ்வு' பள்ளமான நிலத்தைக் குறிப்பது. மாரியில் அங்கே யார் வீடு நனையும் என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

ஆறு ஒன்று இருந்தால் மட்டும் வயல் விளையாது. ஆறு தாழ்ந்து ஓடும், வயல் உயர்ந்து கிடக்கும். இந்தச் சிக்கலுக்கு முன்னோர் கண்ட தீர்வுதான் தேக்கம். தேக்கு என்ற வினையிலிருந்து பிறந்த இந்தச் சொல் இன்றும் அந்த இடத்துக்குப் பெயராக வழங்குகிறது. ஆற்றுக்குக் குறுக்கே கல்லணை ஒன்று கட்டி, நீரை மறித்து, ஒரு பக்கம் கட்டுக்கரைக் குளத்துக்கும் மறுபக்கம் அகத்திமுறிப்புக் குளத்துக்கும் திருப்பினார்கள். கட்டுக்கரையைத்தான் ஆங்கிலேயர் இராட்சதக் குளம் என்றனர். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டியது என்றும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு திருத்தியது என்றும் வரலாற்றாசிரியர் கொள்வர். 2016, 2017 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் குளத்துப் பகுதியில் அகழ்ந்தபோது பழைய குடியிருப்பின் சான்றுகளும் சுடுமண் உருவங்களும் வெளிப்பட்டன. மாதோட்டத் துறைமுகத்தையும் திருக்கேதீச்சரத்தையும் சம்பந்தரும் சுந்தரரும் பாடினார்கள் என்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்தத் துறைமுகத்துக்குச் சோறு போட்டது எந்த வயல் என்று கேட்பதில்லை. துறைமுகத்தின் பின்னால் ஒரு குளநாடு இருந்தது.

கட்டுக்கரையைப் பற்றி ஒரு கதை உண்டு. காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் 1859 இல் இலங்கையைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். இக்குளம் மட்டப் பிழையாற் பயன்படாமற் போன முயற்சி என்பது அவர் கருத்து. பின்வந்த நீர்ப்பாசனப் பொறியியலாளர் மட்டக்கருவி கொண்டு அளந்து பார்த்தார்கள். பிழை பழைய வாய்க்காலில் இல்லை! அதைப் பழித்தவர் பக்கத்தில்தான் இருந்தது. 1897 அளவில் குளம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் நீர் ஏறியது. இன்று அதன் கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்கள் அதிலிருந்து நீர் பெறுகின்றன. பெரிய குளம் நேரே வயலுக்கு மட்டும் பாய்ச்சுவதில்லை. ஊர்க் குளங்களை நிரப்பிவிடுகிறது, ஊர்க் குளம் ஊர் வயலுக்குப் பாய்ச்சுகிறது. நம் நேயரின் கேள்விக்கு இந்த அமைப்பு மிக முக்கியமானது. ஏனெனில் தண்ணீர் ஒரு கையிலிருந்து நூறு கைகளுக்கு மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு சண்டைக்கு இடமுண்டு.

இந்த ஆற்றைப் பற்றிப் பேசும்போது ரொபர்ட் நொக்ஸை விட்டுவிட முடியாது. 1660 இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி மன்னனின் நாட்டில் 19 ஆண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேயன் அவன். 1679 இல் தன் தோழன் ஸ்ரீபன் றட்லண்டுடன் தப்பி ஓடினான். அவர்களுக்கு வழி காட்டியது இந்த அருவியாறுதான். அநுராதபுரத்தின் பக்கத்திலிருந்து ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டே யானைக் காட்டினூடாக நடந்து, அவ்வருடம் ஒக்டோபர் 18 ஆம் நாள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். தமிழர் நாட்டெல்லைக்குள் வந்தபின் மரநிழலிற் சோறு சமைத்துக்கொண்டிருந்த இரண்டு பிராமணரைக் கண்டதை அவன் 1681 இல் வெளியிட்ட தன் நூலில் எழுதியிருக்கிறான். அவன் வன்னிச் சிற்றரசன் ஒருவனையும் குறிப்பிடுகிறான். ஒரே ஆற்றின் வழியே மேலே கண்டி மன்னன், நடுவே வன்னியன், கீழே ஒல்லாந்தன் என்று மூன்று ஆட்சிகள். தப்பி ஓடுகிறவனுக்குத்தான் எல்லைகள் எங்கே மாறுகின்றன என்று நன்றாகத் தெரியும் போலும்.

ஆற்றுமுகத்து அரிப்பில் ஆளுநர் பிரெடரிக் நோத் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டிய மாளிகை, கடலரிப்பால் இடிந்து இடிந்து எஞ்சி நிற்கிறது. முத்துக்குளிப்பைப் பார்க்க வந்தவர்கள் கட்டியது அது. தெற்கே மறிச்சுக்கட்டியில் 1906 முத்துக்குளிப்பின்போது கடமை பார்த்தவர் லெனாட் வூல்ஃப் என்பதையும் இலக்கிய நேயர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். முத்து அரசின் கவனத்தைப் பெற்றது, நெல் பெறவில்லை. 1832 இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டபோது குளத்தைத் திருத்தும் பழைய கட்டாய உழைப்பும் போயிற்று. கட்டாயம் போனது நல்லதே. ஆனால் அதன் இடத்தில் எதையும் வைக்காமற் போனார்கள். குளங்கள் தூர்ந்தன.

அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்ததுதான் 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம். ஆளுநர் சேர் ஹென்றி வாட் காலத்தது. நான் இதை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஒரு பகுதிக் கமக்காரர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இணங்கினால், தங்கள் பழைய வழக்கத்தையே விதியாக்கிக்கொள்ளலாம். தண்ணீர்ப் பிணக்கை ஊரவர் கூடியே தீர்க்கலாம் என்றது அச்சட்டம். நம் நாட்டில் வாக்குரிமை பற்றிப் பேசும்போது எல்லோரும் 1931 ஐச் சொல்வோம். அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, குளக்கட்டில் நின்று காணிக்காரர் வாக்களித்திருக்கிறார்கள். காணி இல்லாதவனுக்கு அங்கே வாக்கில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. வயலில் வேலை செய்தவனும் நாற்று நட்ட பெண்ணும் அந்தக் கணக்கில் வரவில்லை.

1871 இல் கிராமச் சமூகங்கள் சட்டம் வந்தது. கிராமச் சங்கங்களும், சிறு வழக்குகளை விசாரிக்கக் கிராம நீதிமன்றங்களும் தோன்றின. வழக்குமன்றத்தை நம்மவர் 'கோடு' என்பார்கள். கோட்டுக்குப் போனான், கோடேறினான் என்போம். பருத்தித்துறைப் பக்கத்தில் கிராமக்கோடு என்றே ஓர் இடம் இருக்கிறது. மன்றம் மறைந்தாலும் பெயர் மறையவில்லை. கிராமச் சங்கத்துக்குத் தலைவராகத் தொடக்கத்தில் அரச அலுவலரே இருந்தார். 1924 இன் சட்டமும் 1930 களின் இறுதியில் வந்த திருத்தமும் அந்த நிலையை மாற்றி, மக்கள் தெரிந்த உறுப்பினரும் தலைவரும் வர வழிசெய்தன. பின்னாளிற் கிராமசபை என்ற பெயர் நிலைத்தது. கிறவல் தெரு, பொதுக்கிணறு, சந்தை, வாசிகசாலை, மயானம் இவையே அதன் உலகம். சிறியதுதான். ஆனாலும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கிராமசபைத் தலைவரை ஊரவர் வழியில் மறித்துக் கேள்வி கேட்கலாம். மறுநாளும் அவர் அதே வழியாற்றான் வரவேண்டும்.

இதற்கு இணையாக, தண்ணீருக்கென்று தனி ஆட்சி ஒன்று நடந்தது. அதன் தலைவர் வட்டவிதானை. என் அம்மப்பா வட்டவிதானையாக இருந்தவர். அவருக்குச் சம்பளம் இல்லை; அறுவடையில் ஒவ்வொரு வயலிலிருந்தும் ஒரு பங்கு நெல். துருசைத் திறப்பதும், எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாழிகை என்று முறை வைப்பதும், வேலி அடைக்காதவனைக் கண்டிப்பதும், கட்டாக்காலி மாட்டைப் பிடிப்பதும் அவர் வேலை. இரவில் வரம்பை வெட்டித் தண்ணீரைத் திருப்புகிறவர்களைப் பிடிக்க அவர் போகும்போது விளக்குக் கொண்டுபோக மாட்டாராம். "விளக்கோட போனா ஆள் ஓடிடும், விளக்கில்லாமப் போனா தண்ணிச் சத்தம் சொல்லும்" என்பார். ஒருமுறை அப்படிப் பிடித்தது தன் சொந்த மைத்துனனை. கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லி, தண்டத்தையும் வாங்கிக் கொடுத்துவிட்டார். அம்மம்மா தன் தம்பிக்காக இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. இந்தக் கதையை எங்களுக்குச் சொன்னதும் அம்மம்மாதான். அதில் கோபமும் இருந்தது, பெருமையும் இருந்தது.

இந்த முறையை நான் பொற்காலமாகக் காட்ட விரும்பவில்லை. வட்டவிதானைகள் எல்லோரும் மைத்துனனைக் காட்டிக்கொடுத்தவர்கள் அல்லர். பெரிய காணிக்காரரின் சொல்லுக்கு ஆடியவர்களும் இருந்தார்கள். அதனாற்றான் 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் அப்பதவியை நீக்கி, பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. குத்தகைக்குச் செய்தவனும் அதில் இடம்பெறலாம் என்றது பெரிய மாற்றம். 1963 இல் ஊர் விதானை முறையும் நீங்கிக் கிராமசேவகர் வந்தார். பதவி பரம்பரை உரிமைபோல் வழங்கிய நிலை போயிற்று. அதோடு ஊருக்கே உரிய ஆள் என்பதும் போய், இடமாற்றம் பெற்று வருகிறவர் வந்தார். எது இலாபம், எது நட்டம் என்று அன்றே ஊரில் வாதம் நடந்திருக்கிறது. என் வீட்டிலும் நடந்தது.

அடுத்த மாற்றம் 1981 இல். மாவட்ட அபிவிருத்தி சபைகளை அமைத்தபோது நாடெங்கும் கிராமசபைகளும் பட்டினசபைகளும் ஒழிக்கப்பட்டன. மாவட்ட அபிவிருத்தி சபை என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். வடக்கில் அந்தத் தேர்தலை ஒட்டிய நாட்களிற்றான் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. கிராமத்துக்கு அண்மையிலிருந்த சபை போய், தொலைவிலிருந்த சபையும் நிலைக்காமல், சில ஆண்டுகள் ஊர்கள் சபையின்றியே கிடந்தன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் பிரதேச சபைகள் வந்தன. 1988 ஜனவரியில் இயங்கத் தொடங்கின. இன்று மன்னார் மாவட்டத்தில் ஒரு நகரசபையும், மன்னார், நானாட்டான், முசலி, மாந்தை மேற்கு என நான்கு பிரதேச சபைகளும் உள்ளன.

சட்டம் வந்தது, ஆனால் சபையில் அமர ஆளில்லை. போர்க்காலத்தின் பெரும்பகுதியில் அலுவலரே சபையை நடத்தினர். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, தென்கரை முசலியின் பல ஊர்கள் ஒரே கிழமையில் வெறுமையாயின. அந்த மக்கள் புத்தளம் பக்கம் அகதிகளாக ஏறக்குறைய 20 ஆண்டுகள் வாழ்ந்தார்கள். தென்கரை முஸ்லிம் கமக்காரரும் வடகரைத் தமிழ்க் கமக்காரரும் ஒரே தேக்கத்தின் இரு பக்கத்து நீரைக் குடித்தவர்கள். ஆறு அவர்களைப் பிரித்ததில்லை. நமது பக்கத்து மௌனம் பிரித்தது. இதைத் தமிழாசிரியன் ஒருவன் வானொலியிற் சொல்லத் தயங்கக் கூடாது என்று நினைக்கிறேன். 2007 இல் சிலாவத்துறைப் பகுதியைப் படையினர் கைப்பற்றியபோது எஞ்சியிருந்த குடும்பங்களும் ஆற்றைக் கடந்து நானாட்டான், முருங்கன் பக்கத்துப் பாடசாலைகளில் தங்கின. 2009 இன் பின்னரே இரு கரையும் மெல்ல மெல்ல நிறைந்தன. ஆனால் 20 ஆண்டு கிடந்த வயலிற் காடேறிவிட்டிருந்தது. யார் வரம்பு எது, யார் வாய்க்கால் எது என்று சொல்லக்கூடிய முதியவர் பலர் புத்தளத்து மண்ணில் அடங்கிவிட்டார்கள். எழுதப்படாத சட்டம் ஆட்களோடு போய்விட்டது.

எழுதப்பட்டதும் எஞ்சவில்லை. பழைய கிராமசபைக் கூட்டக் குறிப்பேடுகள் கிடைக்குமா என்று சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். வயதான எழுதுவினைஞர் ஒருவர் என்னை இருத்தி, தேநீர் தந்து, "தம்பி, நாங்க ஆக்களைக் கொண்டுவந்ததே பெரிய காரியம்" என்றார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

2011 இலும், 2018 பெப்ரவரியிலும் தேர்தல்கள் நடந்தன. 2023 மார்ச்சில் நடக்கவிருந்த தேர்தல் பின்போடப்பட, சபைகளின் காலமும் முடிந்து, மீண்டும் இரண்டு ஆண்டுகள் செயலாளர் ஆட்சி. 2025 மே 6 ஆம் திகதிதான் அடுத்த தேர்தல். சரி, சபை வந்தது. ஆற்றைப் பற்றி அது என்ன தீர்மானிக்கலாம்?

இதை என் மாணவர்களிடம் ஒரு பயிற்சியாகக் கொடுத்தேன். "ஆறு யாருக்குச் சொந்தம்?" என்பதே கட்டுரைத் தலைப்பு. ஆற்றைப் புலவர் பாடுவதுபோற் பாடி எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு மாணவி மட்டும் கடிதங்கள், அறிவித்தற் பலகைகள் எல்லாவற்றையும் பார்த்து ஒரு பட்டியலே எழுதிவந்தாள். ஆற்று நீர் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. மணல் அள்ள அனுமதி புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்துக்கு. கரையிலுள்ள அரச காணி பிரதேச செயலகத்துக்கு. காடு வனத்துறைக்கு. பெருந்தெருப் பாலம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. இறுதி வரியில், "கரையில் குவியும் குப்பை மட்டும் பிரதேச சபைக்கு" என்று முடித்திருந்தாள். அவளுக்கு முழுப் புள்ளி கொடுத்தேன்.

அவள் சொன்னது பெரும்பாலும் சரி. பிரதேச சபையின் அதிகாரம் தெரு, சந்தை, சுகாதாரம், நூலகம், ஆதனவரி, வியாபார உரிமம் என்றவாறு செல்லும். நீர் அதில் இல்லை. மாகாணசபைக்கும் இல்லை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தப்படி, ஒரு மாகாணத்துக்கு மேல் ஓடும் ஆற்றின் நீர்ப்பாசனத் திட்டம் மத்திய அரசுக்குரியது. அருவியாறு வடமத்தியில் பிறந்து வடக்கில் முடிகிறது. தந்திரிமலைக்கு அண்மையில் பெரிய நீர்த்தேக்கம் ஒன்றைக் கட்டும் திட்டம் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. அது வந்தால் கட்டுக்கரைக்கு வரும் நீர் கூடுமா குறையுமா, எந்த மாதத்தில் எவ்வளவு திறப்பார்கள் என்பது நானாட்டான் கமக்காரனின் அடுப்பைப் பற்றிய கேள்வி. அதைக் கேட்கக்கூடிய மேசை நானாட்டானில் இல்லை. வெள்ளமும் இப்படியே. 1957 டிசம்பரில் மேலே நாச்சதுவைக் குளம் உடைந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மழை கொட்டியபோதும், மேலே பெய்த மழை கீழே வீட்டுக்குள் வந்தது. மேலே வான்கதவு திறப்பவரும் கீழே பாய் சுருட்டுபவளும் ஒருவரையொருவர் அறியார்.

ஆனாலும் ஒன்று எஞ்சியிருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. மாவட்டச் செயலாளர் தலைமை வகிக்க, நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தின் நீர்மட்டத்தைச் சொல்வார். கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகள் எழுந்து பேசுவார்கள். காலபோகத்தில் விதைப்புத் திகதி, மாடு அகற்றும் திகதி பற்றித்தான் வாதம். சிறுபோகத்தில்தான் சூடு. குளத்து நீர் எல்லா வயலுக்கும் போதாது. ஒரு பகுதியை மட்டும் விதைத்து, மற்றவருக்கும் அதிற் பங்கு கொடுக்க வேண்டும். எந்தப் பகுதி, ஒருவருக்கு எவ்வளவு என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். சில வருடங்களுக்கு முன் மாமா ஒருவருடன் நானும் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். தென்கரையிலிருந்து திரும்பிவந்த முஸ்லிம் பெரியவர் ஒருவரும் தன் அலுவலாக வந்திருந்தார். தேநீர் இடைவேளையில் மாமா என்னை அறிமுகப்படுத்தினார். "இவர் ஆற்ர பேரன் தெரியுமோ காக்கா?" என்று அம்மப்பாவின் ஊரைச் சொன்னார். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "விதானையார்ர பேரனோ? இருட்டில தண்ணிச் சத்தம் கேட்டு வாறவர். எங்கட வாப்பாவையும் ஒருக்காப் பிடிச்சவர்" என்றார். பிறகு தன் கோப்பையிலிருந்த தேநீரைக் குடித்து முடித்து, "நியாயமாத்தான் பிடிச்சவர்" என்றார்.

அடுத்த கிழமை இதே மாதோட்டத்து நாட்டுக்கூத்துகளோடும், அவற்றைத் தேடிப் பதிப்பித்த பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பணியோடும் சந்திப்போம். வணக்கம்.